கடல் கடந்த காணியும் கையிலிருக்கும் காசும்

சென்ற தைப்பொங்கலுக்கு மறுநாள் மாலை, ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர் நமது வீட்டுக்கு வந்தார். கஹவத்தைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நாற்பது ஆண்டுக் காலம் விடியற்காலைப் பிரட்டுக்கு நின்று செக்றோல் எழுதியவர். நமது தந்தையாருக்கு நண்பர். வெற்றிலைத் தட்டத்தை ஒரு புறம் ஒதுக்கிவிட்டு, துணிப்பையிலிருந்து பளபளக்கும் தாளில் அச்சிட்ட புத்தகம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"மாஸ்டர், இதைக் கொஞ்சம் வாசித்து நல்லதா கெட்டதா என்று சொல்லுங்க. மருமகன் கொண்டுவந்து கொடுத்தார்" என்றார்.

நாம் கல்லூரியில் வர்த்தகமும் கணக்கியலும் கற்பிப்பவர். ஆதலால் ஊரில் எவருக்கேனும் அச்சடித்த கடதாசி ஒன்று கிடைத்தால், அது நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேருவது வழக்கம். அன்று வந்தது இரண்டே வயதான ஒரு சிறு கம்பனியின் அறிமுகப் புத்தகம். ஆபிரிக்க நாடொன்றில் பெரும் நிலப்பரப்பில் கஜுப் பயிரிடப் போவதாகவும், அரை ஏக்கர் அளவான பங்குகளாக அதை விற்பதாகவும், பணம் கட்டிய ஆண்டிலிருந்தே நூற்றுக்குப் பதினெட்டு வீதம் ஆதாயம் தருவதாகவும் அதில் கண்டிருந்தது. பெரியவரிடம் ஊழியர் சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் சேர்ந்து கையில் ஒரு தொகை இருந்தது. அது வாழ்நாளின் முழுச் சம்பாத்தியம். இன்னொரு முறை வரக்கூடியதன்று.

பக்கங்களைப் புரட்டிக் கொண்டிருந்த நம்மிடம் அவர் ஒரு கேள்வி மட்டும் கேட்டார். "கஜுக் கன்று எத்தனையாம் வருஷம் காய்க்கும், மாஸ்டர்?"

ஒட்டுக் கன்றானால் மூன்றாம் ஆண்டளவில் பூக்கத் தொடங்கும். சொல்லும்படியான விளைச்சலுக்கு ஏழெட்டு ஆண்டு செல்லும் என்றோம். "அப்படியானால் முதல் வருஷத்து பதினெட்டு எங்கேயிருந்து வரும்?" என்றார். இதைவிடச் சிறந்த கேள்வியை நாம் எந்தப் பாடநூலிலும் கண்டதில்லை. மரம் காய்க்குமுன் வரும் ஆதாயம் மரத்திலிருந்து வருவதன்று. பின்னால் வந்து சேருபவரின் பணம் முன்னால் வந்தவருக்கு ஆதாயமாகப் போகிறது என்றே ஐயுற வேண்டும். எனினும், கேள்வி ஒன்றோடு அதை ஒதுக்கிவிட மனம் வரவில்லை. கடல் கடந்த நாட்டில் நிலமெடுத்துப் பயிர் செய்யும் கம்பனிகள் எல்லாமே பொய்யல்ல. மெய்யான கம்பனிகளையும் எடைபோட வேண்டிய முறை ஒன்று உண்டு. அதை அறிய நாம் தொலைவுக்குச் செல்ல வேண்டியதில்லை. நாம் குடியிருக்கும் இம்மலைகளே ஒரு காலத்தில் வேறொருவரின் கடல் கடந்த காணியாக இருந்தவைதாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டனிலும் ஸ்கொத்லாந்திலும் இருந்தவர்கள் இலங்கைக் கோப்பியில் பணம் போட்டார்கள். பெரும்பாலோர் இந்நாட்டைக் கண்ணாலும் கண்டிராதவர்கள். 1869 இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலையில் ஒரு செம்மஞ்சள் துரு தென்பட்டது. பதினைந்து ஆண்டுகளுள் கோப்பி அழிந்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் பாங்கி 1884 இல் கதவடைத்தது. அதன்பின் தேயிலை, அதன்பின் இறப்பர். சப்பிரகமுவையின் தாழ்ந்த மலைகளில் இரண்டும் கலந்து ஓங்கின. ஆண்டுதோறும் கம்பனி அறிக்கை ஒன்று பங்குதாரருக்குப் போகும். மழை இவ்வளவு, கொழுந்து இவ்வளவு, செலவு இவ்வளவு. நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் அந்த அறிக்கைகளில் இடம் பெற்றார்கள். 'கூலிச் செலவு' என்ற ஒரு வரியில். ஆகவே வெளிநாட்டு விவசாய முதலீட்டை மறுபக்கத்திலிருந்து பார்த்தவர்கள் நாம். அறிக்கையில் எது எழுதப்படாது என்பது நமக்குத் தெரியும்.

கொழும்பிலிருந்தவர்களும் இதே போன்று வெளியூர்க் காணியை நாடியதுண்டு. 1876 இல் கம்பஹாவுக்கு அருகேயுள்ள ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்தில் நடப்பட்ட இறப்பர்க் கன்றுகளின் விதைகள் பின்னர் மலாயாவுக்கும் சென்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வாகனம் பெருகவே, இறப்பருக்கு என்றுமில்லாத கிராக்கி உண்டாயிற்று. அந்த வேகத்தில் மலாயாவில் நிலமெடுப்பதற்கென்றே செலின்சிங், இந்தோ-மலாய், ஷாலிமார், குட் ஹோப் முதலிய சிறு கம்பனிகள் தோன்றின. இலங்கையின் பங்குச் சந்தையிலே பெயர் பெற்று, கார்சன் கம்பர்பாட்ச் நிறுவனத்தின் பராமரிப்பில் அவை நெடுங்காலம் நடந்தன.

1910 சித்திரை மாதம் இலண்டனில் ஓர் இறாத்தல் இறப்பர் 12 ஷில்லிங்குக்கும் மேல் விலை போயிற்று. அப்போது பங்கு வாங்க முண்டியடித்தவர்கள், அதே விலை என்றும் நிற்கும் என்று எண்ணிக் கணக்குப் போட்டார்கள். அவர்கள் பணத்தில் நட்ட கன்று பாலுக்கு வர ஆறேழு ஆண்டு வேண்டும். அது பாலுக்கு வந்தபோது, உலகமெல்லாம் அதே ஆண்டில் நட்ட மரங்களும் ஒருங்கே பாலுக்கு வந்தன. 1921 இல் இறாத்தல் ஒரு ஷில்லிங்குக்கும் கீழே இறங்கிற்று. 1922 முதல் 1928 வரை ஸ்டீவன்சன் திட்டம் என்ற பெயரால் பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட மலாயாவிலும் இலங்கையிலும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திப் பார்த்தார்கள். ஒல்லாந்தர் ஆட்சியிலிருந்த கிழக்கிந்தியத் தீவுகள் அதில் சேராமல் தம் உற்பத்தியைப் பெருக்கிக் கொண்டன. 1932 இல் இறாத்தல் 3 பென்ஸும் பெறவில்லை. பயிர்த் தொழிலில் விலையைக் கண்டு நடுபவன், விலையில்லாத காலத்தில் அறுவடை செய்கிறான். நெல்லில் இந்தத் தவறு ஒரு போகத்தோடு போகும். இறப்பரிலும் எண்ணெய்ப்பனையிலும் அது இருபத்தைந்து ஆண்டு உடன் வரும்.

மேற்சொன்ன மலாயாக் கம்பனிகள் பிழைத்தன. பின்னர் இறப்பரை விட்டு எண்ணெய்ப்பனைக்கு மாறின. அவற்றைக் காட்டி இவ்வகை முதலீட்டைப் புகழ்வோரை நாம் அறிவோம். அதே ஆண்டுகளில் தோன்றி மறைந்த கம்பனிகளின் பெயர்ப் பட்டியலை மட்டும் எவரும் அச்சிட்டு விநியோகிப்பதில்லை.

விலைக்கு அடுத்தபடி, சொல்லப் போனால் விலைக்கும் முன்னதாகவே, பார்க்க வேண்டியது உறுதி. நிலம் யாருடையது? எந்தச் சட்டத்தின் கீழ், எத்தனை ஆண்டுக்கு? இதிலே தமிழர் பட்ட பாட்டுக்குப் பர்மாவே சான்று. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கீழ்ப் பர்மாவில் நெற்செய்கைக்குக் கடன் கொடுத்தார்கள். அவர்கள் நாடியது வட்டியை, வயலையன்று. 1930 இல் நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, ஈட்டு நிலம் கைக்கு வந்தது. பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930 இல் நிலத்தில் நூற்றுக்கு 6 பங்கு செட்டியார்களிடம் இருந்தது. 1937 அளவில் அது நூற்றுக்கு 25 ஆயிற்று. கணக்கேட்டில் பார்த்தால் பெருஞ்செல்வம். ஆனால் உழுதவன் நிலமிழந்து நிற்க, கடல் கடந்தவன் பேரில் பட்டா இருந்தது. அத்தகைய செல்வத்தைக் காக்க எந்த ஆட்சி முன்வரும்? 1942 இல் யப்பானியப் படை வந்தபோது பலர் நடந்தே இந்தியா திரும்பினர். சுதந்திர பர்மா 1948 இலேயே நிலத்தைத் தேசிய உடைமையாக்கும் சட்டத்தை இயற்றிற்று. பட்டா இருந்தது, முத்திரை இருந்தது, நிலம் போயிற்று.

இங்கும் அதுவே நடந்தது. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாரின் நிலத்துக்கு உச்சவரம்பு விதித்தது. 1975 இன் திருத்தம் உள்நாட்டு, வெளிநாட்டுக் கம்பனிகளின் தோட்டங்களை அரசுடைமையாக்கிற்று. இலண்டனில் இருந்த சிறு பங்குதாரரின் நட்டஈட்டை நிர்ணயித்தது சந்தையன்று, சட்டம். அவர்களை நினைத்து நாம் கண்ணீர் வடிக்கப் போவதில்லை. 1973, 74 ஆம் ஆண்டுகளில் லயங்களில் நிலவிய பட்டினியை நம் வீட்டு முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதற்கு நட்டஈடு கொடுத்தவர் எவருமில்லை. ஆயினும் முதலீட்டாளன் என்ற கண்ணோடு பார்க்கும்போது பாடம் தெளிவாக இருக்கிறது. அந்நிய நாட்டு நிலம் என்பது அந்நாட்டு மக்கள் பொறுத்துக் கொள்ளும் வரையில் நம்முடையது.

1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றபோது நம் ஊரின் பெயரும் ஒரு கம்பனிக்கு இடப்பட்டு, பின்னர் கொழும்புப் பங்குச் சந்தையிலும் ஏறிற்று. இப்பிராந்தியக் கம்பனிகளுக்குக் கிடைத்தது நிலமன்று, 53 ஆண்டுக் குத்தகை. 1992 இலிருந்து எண்ணினால் 2045 இல் அது முடியும். மாணவர்கள் இதைத் தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். 2020 இல் நட்ட இறப்பர் 2026 அல்லது 27 இல் பாலுக்கு வரும். அதன் பயன் இருபத்தைந்து ஆண்டாவது நீளும். குத்தகையோ பதினெட்டு, பத்தொன்பது ஆண்டில் தீர்ந்துவிடும். அப்படியானால், பழைய மரத்தைப் பிடுங்கிப் புது மரம் நடுவதற்கு நிர்வாகிக்கு ஊக்கம் எங்கிருந்து வரும்? குத்தகை ஆண்டு குறையக் குறைய மீள்நடுகை தேயும் என்று அஞ்ச வேண்டியிருக்கிறது. வெளிநாட்டுக் கம்பனியின் அறிக்கையிலும் முதலில் தேட வேண்டியது இந்த இரண்டு எண்களையே: குத்தகையில் எஞ்சிய ஆண்டு, மரத்தின் வயது. இந்தோனேசியாவில், பெருந்தோட்டத்துக்குக் கம்பனி பெறுவது பயன்படுத்தும் உரிமையே. 1960 இன் நிலச் சட்டப்படி அது அதிகபட்சம் 35 ஆண்டு. நீடிப்பது அரசின் கையில். நம் நாட்டிலும் 2014 இன் 38 ஆம் இலக்கச் சட்டம், சில விலக்குகள் நீங்கலாக, அந்நியருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கிறது. நாம் அந்நியருக்குக் கொடுக்காத உரிமையை அவர்கள் நமக்குத் தாராளமாகக் கொடுப்பதாக ஒரு புத்தகம் சொல்லுமானால், அந்தச் சட்டத்தின் பெயரைக் கேட்பதில் தவறில்லை.

குத்தகை மலிவாக இருப்பதும் நல்லதற்கன்று என்பதை எத்தியோப்பியாவில் கண்டோம். பெங்களூரைச் சேர்ந்த கருத்தூரி குளோபல் என்னும் ரோசாப்பூக் கம்பனி, அந்நாட்டின் கம்பெல்லா மாநிலத்தில் 1,00,000 ஹெக்டேர் குத்தகைக்கு எடுத்தது. மேலும் இரு மடங்கு தருவதாகவும் பேச்சு இருந்தது. ஹெக்டேருக்கு ஆண்டுக் குத்தகை ஏறக்குறைய ஒரு டொலர் என்று செய்தி வந்தபோது உலகமே வியந்தது. இந்தியப் பங்குச் சந்தையும் மகிழ்ந்தது. ஆனால் 2011 இல் பாரோ ஆறு பெருகி மக்காச்சோளப் பயிரை மூடிற்று. அந்நிலம் வெள்ளம் பாயும் சமவெளி என்பது அங்கே மாடு மேய்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களிடம் கேட்டவர் யார்? எடுத்த நிலத்தின் மிகச் சிறிய பகுதியே பயிர் கண்டது. 2015 மார்கழியில் எத்தியோப்பிய அரசு குத்தகையை இரத்துச் செய்தது. பூ வளர்க்கத் தெரிந்தவனுக்குச் சோளம் விளைவிக்கத் தெரியும் என்று கொள்வது, தேயிலைத் துரையைக் கப்பலோட்டச் சொல்வது போலத்தான்.

இனிக் கணக்குக்கு வருவோம். பழைய இறப்பர்த் தரகர்கள் ஓர் எளிய முறை வைத்திருந்தார்கள். அதை நாம் இன்னும் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். கம்பனி ஒன்றின் பங்குகள் 20 இலட்சம், பங்கின் சந்தை விலை ரூபா 30 என்று கொள்வோம். மொத்த மதிப்பு 6 கோடி. அதனோடு கம்பனியின் கடன் 2 கோடியைக் கூட்டி, கையிலுள்ள ரொக்கத்தைக் கழிக்க வேண்டும். இங்கே ரொக்கம் இல்லை என்போம். 8 கோடியை நட்டுமுடிந்த 400 ஏக்கரால் வகுத்தால் ஏக்கர் ஒன்றுக்கு 2 இலட்சம். நீங்கள் வாங்குவது பங்குத் தாளையன்று, ஏக்கர் 2 இலட்சம் வீதம் ஒரு தோட்டத்தை. அந்த ஊரிலே அதே பயிரோடு ஒரு ஏக்கர் என்ன விலைக்குக் கைமாறுகிறது? புதிதாக நட்டு வளர்க்க என்ன செலவாகும்? இரண்டையும் அறிந்தால் பங்கின் விலை மலிவா, அதிகமா என்பது தானே விளங்கும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வகுக்க வேண்டியது நட்ட ஏக்கரால். உடன்படிக்கையில் கண்ட ஏக்கரால் அன்று. காட்டையும் கல்லையும் சேர்த்து வகுத்துக் காட்டும் கம்பனிகளுக்குக் குறைவில்லை. நட்டதிலும் பயன் தருவது எவ்வளவு, இளங்கன்று எவ்வளவு, கிழட்டு மரம் எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

இலாப நட்டக் கணக்கைப் பார்க்கும்போது இன்னொரு எச்சரிக்கை. விவசாயத்துக்கான 41 ஆம் இலக்கக் கணக்கீட்டு நியமத்தின்படி, வெட்டி விற்பதற்கென வளர்க்கும் மரத்தின் மதிப்பு ஓர் ஆண்டில் உயர்ந்தால், அவ்வுயர்வை அந்த ஆண்டின் இலாபமாகவே எழுதுவார்கள். தேக்கு பத்து அங்குலம் வளர்ந்தது, இலாபம். ஒரு சதம் கைக்கு வரவில்லை. இது மோசடியன்று, முறைதான். ஆயினும் அந்த மதிப்பு எதிர்கால விலை பற்றிய ஊகத்தின்மேல் நிற்கிறது. ஆகவே காசுப் பாய்ச்சல் கூற்று என்று ஒரு பக்கம் இருக்கும்; வாசகர்கள் அதையே முதலில் திறக்க வேண்டும். பயிரை விற்றுக் காசு வந்ததா? அல்லது புதுப் பங்கு விற்றும் கடன் வாங்கியும் வந்ததா? தமிழ்நாட்டில் 1990 களில் தேக்குத் திட்டங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பணம் போட்டு இழந்தன. இந்தியப் பங்குச் சந்தை வாரியம் கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு விதிகள் செய்தது 1999 இல்தான்.

நிர்வாகியின் கூலியும் கவனிக்கத்தக்கது. அக்காலத்து ஏஜென்சிக் கம்பனிகள் உரம் வாங்கிக் கொடுத்தால் தரகு, தேயிலையை விற்றால் தரகு, கப்பலேற்றினால் தரகு என்று பெற்றன. பங்குதாரருக்கு ஆதாயம் இல்லாத ஆண்டிலும் தரகு நிற்கவில்லை. இன்றைய சிறு கம்பனியிலும் நிலத்தை விற்றவர், நிர்வகிப்பவர், விளைச்சலை வாங்குபவர் மூவரும் ஒரே வீட்டுக்காரராக இருக்கலாம். அப்படியானால் இலாபம் பங்குதாரரை அடையுமுன் மூன்று வாசல்களைக் கடக்க வேண்டும்.

நாணயத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதைக் கண்டவர்கள், வெளிநாட்டுச் சொத்தில் ஆசை கொள்வது இயல்பே. ஆனால் பணம் வெளியே போவது 2017 இன் 12 ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு உட்பட்டு, வங்கியின் வழியே நடக்க வேண்டியது. "எங்கள் ஆளிடம் ரூபாவாகக் கொடுங்கள், மீதியை நாங்கள் பார்த்துக் கொள்கிறோம்" என்று ஒருவர் சொன்னால், அங்கே எழுந்துவிடலாம். பட்டியலிடப்படாத கம்பனியின் பங்கை வேண்டியபோது விற்கவும் முடியாது. மகளின் கலியாணமும் வைத்தியச் செலவும் மரம் முதிரும் வரை காத்திராது.

அரசின் ஆணையும் ஒரு பருவநிலை போன்றதே. 2021 சித்திரையில் நம் அரசு எண்ணெய்ப்பனை நடுவதைத் தடை செய்து, இருப்பவற்றைப் படிப்படியாக அகற்றவும் கட்டளையிட்டது. முன்னைய அரசுகளின் அனுமதியோடு அதில் முதலிட்ட தோட்டக் கம்பனிகள் திகைத்தன. சொந்த நாட்டிலேயே இவ்வாறெனின், மொழி தெரியாத நாட்டில் வர்த்தமானியை வாசித்துச் சொல்ல நமக்கு யார் இருக்கிறார்கள்?

இவ்வளவையும் ஒரே மூச்சில் பெரியவரிடம் நாம் சொல்லவில்லை. இரண்டு மூன்று மாலைகளில் சொன்னோம். அவர் நாம் சொல்லாத ஒன்றையும் சேர்த்தார். "அங்கே பிரட்டுக்கு எத்தனை பேர், அவங்களுக்குக் குடியிருக்க வீடு எங்கே, இந்தப் புத்தகத்தில் இல்லையே. ஆள் இல்லாமல் மலை ஓடாது" என்றார். அறிமுகப் புத்தகத்தை நாம் மீண்டும் பார்த்தோம். நாற்பது பக்கத்தில் கஜு மரம் இருந்தது, கடல் இருந்தது, சிரிக்கும் இயக்குநர்கள் இருந்தார்கள். வேலை செய்யும் மனிதர் ஒருவரும் இல்லை.

நாம் இருவருமாகச் சேர்ந்து கம்பனிக்கு ஒரு கடிதம் எழுதினோம். குத்தகைப் பத்திரத்தின் பிரதி, கணக்காய்வாளர் ஒப்பமிட்ட இரண்டாண்டுக் கணக்கு, களத்தில் இருக்கும் முகாமையாளரின் பெயரும் அவர் முன்பு நடத்திய தோட்டத்தின் பெயரும், நட்ட ஏக்கரின் அளவு, வேலையாட்களின் தொகை ஆகியவற்றை அதில் கேட்டோம். பெரியவர் தமது செக்றோல் எழுத்தில், ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே நிற்கும்படி, கையொப்பமிட்டார்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. இன்னொரு புத்தகம், முன்னதைவிடத் தடித்த தாள். "கேட்ட கடதாசியைத் தவிர எல்லாம் இருக்கு, மாஸ்டர்" என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மருமகன் அந்தக் கம்பனிக்கு ஆள் சேர்த்துக் கொடுத்துத் தரகு பெறுபவர் என்பது பின்னரே தெரிந்தது. அவரும் தம் பணத்தை அதிலே போட்டிருக்கிறார் என்பதும் தெரிந்தது. பெரியவரின் தொகை கஹவத்தை வங்கியில், நிலையான வைப்பில், குறைந்த வட்டிக்குக் கிடக்கிறது. தீபாவளிக்கு மகளும் பேரப்பிள்ளைகளும் மட்டும் பஸ்ஸில் வந்து போனார்கள்.